பினாங்கில் ஒரு சிவகங்கைச் சீமை

பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் இறங்கி மேம்பாலத்தில் நடந்தால் நேராகப் படகுத்துறைக்கு வந்துவிடலாம். கோலாலம்பூரிலிருந்து மின்சார ரயிலில் நான்கு மணி நேரம் வடக்கே வந்து, பிறகு இந்தப் படகில் கால் மணி நேரம் போனால் பினாங்குத் தீவு. கட்டணம் இரண்டு ரிங்கிட்தான். தீவுக்கு இப்போது இரண்டு பாலங்கள் உண்டு. 1985இல் திறந்த பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், 2014இல் திறந்தது 24 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நேரடி விமானமும் வந்துவிட்டது. ஆனாலும் முதல் தடவை போகிறவர்கள் கடல் வழியாகவே போய்ச் சேர வேண்டும் என்று சொல்வேன். நம் ஆட்கள் அப்படித்தான் போய் இறங்கினார்கள்.

படகு நகர ஆரம்பித்ததும் முதலில் தெரிவது கோம்தார் கோபுரம். அதன் பின்னால் பச்சைக் கட்டியாகப் பினாங்கு மலை. கரையோரமாகப் பழைய ரயில்வே அலுவலகத்தின் மணிக்கூண்டு, சரக்குக் கிட்டங்கிகள், தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் மரவீடுகள். 1926இல் கட்டி 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்களுக்கு மலாயாவில் முதலில் வரும் துறைமுகம் இதுதான். தளத்துப் பயணிகளாக வந்த கூலிகளை நேரே ஊருக்குள் விடுவதில்லை. தெற்கே முதல் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. அங்கே தங்கவைத்துப் பரிசோதித்த பிறகுதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். ரஜூலாவுக்குப் பின் ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடியது. 1984 பிப்ரவரியில் அந்தக் கப்பல் தீப்பிடித்ததோடு தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இருந்த கப்பல் போக்குவரத்தும் முடிந்துபோயிற்று.

நான் சிவகங்கை மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கத்தில் ‘பினாங்கு’ என்ற பேரைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ‘பினாங்குக்காரர் வீடு’ என்று ஒன்று பல ஊர்களில் இருக்கும். தைப்பூசத்தையொட்டி இந்தத் தீவுக்குப் போனபோது மலேசியாவின் வடமேற்குக் கரையில் உள்ள ஓர் அழகான ஊரைச் சுற்றிப் பார்ப்பதுதான் திட்டம். மலையும் கடலும் பழைய தெருக்களும் ஏராளமாகவே கிடைத்தன. அவற்றோடு என் சொந்த மாவட்டத்தின் சரித்திரத்தில் பாதியும் அங்கே கிடந்தது.

ஜார்ஜ் டவுன் சின்ன ஊர். யுனெஸ்கோ 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்த மையப் பகுதி 109 ஹெக்டேர் மட்டுமே. ஒரு காலை நேரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிடலாம். வெயிலுக்கும் மழைக்கும் பயமில்லை. கடைவீடுகளின் முன்பக்கம் மேல்மாடியைத் தாங்கிக்கொண்டு நீளும் நடைபாதை உண்டு. ‘அஞ்சடி’ என்று இங்குள்ள தமிழர்கள் சொல்கிறார்கள். அந்த அஞ்சடிகளில்தான் ஊரின் வாழ்க்கையே நடக்கிறது. ஒரு வீட்டு வாசலில் சீனப் பெரியவர் ஊதுவத்தி கொளுத்துகிறார். அடுத்த வீட்டு அஞ்சடியில் மல்லிகைச் சரம் தொங்குகிறது. அதற்கடுத்த கடையில் சட்டி நிறைய மீன் குழம்பு.

பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலக் கப்பல் வணிகர் 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியின் பேரால் கொடியேற்றிய இடத்தில் இப்போது கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது. தீவு கெடா சுல்தானுடையது. பாதுகாப்புத் தருவதாக நம்பிக்கை கொடுத்துத் தீவை வாங்கிக்கொண்ட கம்பெனி, பிறகு அந்தப் பாதுகாப்பைத் தரவே இல்லை. காட்டை வெட்ட ஆட்கள் சுணங்கியபோது லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்கும் ஆசையில் ஆட்கள் மரங்களை வெட்டித் தள்ளினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, முதலில் நிபோங் பனைமரங்களை நட்டுக் கட்டிய கோட்டையைப் பிறகு செங்கல்லில் எழுப்பினார்கள். சுவர்கள் பத்தடி உயரம்தான். சென்னைக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது மிகச் சிறியது.

கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் புனித ஜார்ஜ் தேவாலயம். வெள்ளைத் தூண்களும் முக்கோண முகப்புமாகப் புல்வெளியில் நிற்கிறது. சென்னை கதீட்ரல் சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயத்தைப் பார்த்தவர்களுக்கு முகச்சாயல் உடனே தெரியும். சென்னையில் இருப்பது 1815இல் கட்டியது, இது 1818இல். கம்பெனிப் பொறியாளர் ராபர்ட் ஸ்மித் இதன் பணியை நடத்தினார். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சுற்றுலாக் கையேடுகள் இதை அரை வரியில் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

பினாங்கு 1790 வாக்கிலிருந்தே கம்பெனியின் தீவாந்தரச் சிறை. சாலை போட, சதுப்பு நிலத்தைத் தூர்க்க, கட்டடம் எழுப்ப என்று எல்லாவற்றுக்கும் கைதிகள்தான். அந்த வரிசையில் 1802இல் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. 1801 ஜூன் மாதம் சிவகங்கையை ஆண்ட சின்ன மருது கம்பெனிக்கு எதிராக வெளியிட்ட திருச்சிப் பிரகடனமும், அந்த ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்தவை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பலர் அறியார்கள். எஞ்சிய போராளிகளில் 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். கப்பலின் பெயர் ‘அட்மிரல் நெல்சன்’. போய்ச் சேர வேண்டிய இடம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு. அன்றைக்கு ஆங்கிலேயர் பினாங்குக்கு வைத்திருந்த பெயர் அதுதான். வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன், தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றி 1971இல் வெளியிட்ட நூலில் இந்த நாடுகடத்தலை எழுதியிருக்கிறார். சிவகங்கை ராணி வேலு நாச்சியாரின் மருமகன் வேங்கன் பெரிய உடையணத் தேவரும் நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவர். அவர் வாழ்க்கை சுமத்திராவின் பென்கூலனில் முடிந்தது.

அந்தக் கூட்டத்தில் சின்ன மருதுவின் கடைசி மகன் துரைசாமியும் இருந்தான். சுமார் பதினைந்து வயதுப் பையன்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரியின் நினைவுக் குறிப்புகள் 1830இல் நூலாக வந்தன. இளம் அதிகாரியாக மதுரையில் இருந்த காலத்தில் சின்ன மருதுவோடு நெருங்கிப் பழகியவர் இவர். ஈட்டி எறியவும் வளரி என்ற வளைதடியை வீசவும் தனக்குச் சொல்லிக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று நன்றியோடு எழுதுகிறார். அதே மருதுவுக்கு எதிராக 1801இல் கம்பெனிப் படையில் நின்றவரும் இவரே. 1818இல் வெல்ஷ் பினாங்குக்கு வந்திருந்தபோது தளர்ந்துபோன ஒரு மனிதர் அவரைப் பார்க்க வருகிறார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் வந்திருப்பது துரைசாமி என்று புரிகிறது. கணக்குப் பார்த்தால் துரைசாமிக்கு அப்போது முப்பது வயதைச் சற்றுத் தாண்டியிருக்கும். வெல்ஷின் கண்ணுக்கு அவர் கிழவராகத் தெரிந்தார்.

தேவாலயம் கட்டி முடிந்ததும் அதே 1818தான். அதன் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு ஆண்டுக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. துரைசாமி அந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தாரா என்று சொல்ல எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. அவர் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறார். அது போதும். புல்வெளியில் பிரான்சிஸ் லைட்டுக்குத் தூண்கள் சூழ்ந்த ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. 73 பேருக்கு என்று ஒரு பலகை நான் நடந்த தெருக்கள் எதிலும் கண்ணில் படவில்லை.

தேவாலயத்திலிருந்து தெற்கே போகும் தெருவின் இன்றைய பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். பழைய பெயர் பிட் தெரு. பத்து நிமிட நடையில் நான்கு மதங்களைப் பார்த்துவிடலாம். தேவாலயத்தை அடுத்துச் சீனர்களின் குவான் யின் கோயில். அதைத் தாண்டினால் மகா மாரியம்மன் கோயிலின் பின்பக்கம், அப்புறம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். மாரியம்மன் கோயிலின் முன்வாசல் அடுத்த தெருவான குவீன் தெருவில் இருக்கிறது. 1833இல் எழுந்த இந்தக் கோயில்தான் பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். கோபுரம் பெரியதில்லை. சுற்றிலும் பூக்கடை, பாத்திரக்கடை, புடவைக்கடை, பாட்டுக் குறுந்தகடு விற்கும் கடை. காலையில் அந்தத் தெருவில் நின்றால் காரைக்குடி செக்காலை வீதியில் நிற்கிற மாதிரிதான். காதில் விழுவதெல்லாம் தமிழ், இடையிடையே மலாய் கலந்த தமிழ்.

பள்ளிவாசலின் கதை பரங்கிப்பேட்டையில் தொடங்குகிறது. அங்கிருந்து வந்த காதர் முகைதீன் என்ற வணிகர் இங்குள்ள தமிழ் முஸ்லிம்களின் தலைவராக, ‘கப்பித்தான்’ ஆக நியமிக்கப்பட்டார். 1801இல் கம்பெனியிடமிருந்து 18 ஏக்கர் நிலம் பள்ளிவாசலுக்காகக் கிடைத்தது. இன்று காணும் குவிமாடங்களும் மினாராவும் இருபதாம் நூற்றாண்டில் பெரிதாக்கிக் கட்டியவை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களை அன்றைக்குச் சூலியா என்றார்கள். அந்தப் பேரில் ஒரு நீளமான தெரு இன்னும் இருக்கிறது. லைட் கொடியேற்றும் முன்பே கெடாவில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள் இவர்கள். புதிய துறைமுகம் வந்ததும் தீவுக்குக் கடையை மாற்றிக்கொண்டார்கள். ஆகவே, பினாங்குக்குத் தமிழன் ஆங்கிலேயன் பின்னால் வந்தான் என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மைதான்.

சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில் நாகூர் தர்கா ஒன்று நிற்கிறது. நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது வலியுல்லாவின் நினைவாக 1800களின் தொடக்கத்தில் எழுப்பியது. கடலைத் தாண்டி உயிரோடு கரை சேர்ந்தவர்கள் நன்றி சொல்லக் கட்டிய இடம் என்று நினைத்துப் பார்த்தால், அந்தச் சின்னக் கட்டடத்தின் மதிப்புப் புரியும். வெளிச்சுவரையொட்டிக் குட்டிக் கடைகள். இந்துக்களும் சீனர்களும்கூட உள்ளே போய் வேண்டிக்கொண்டு வருகிறார்கள்.

பசி வந்தால் இந்த வட்டாரத்தை விட்டு நகரத் தேவையில்லை. நாசி கண்டார் என்ற சாப்பாடு பினாங்கின் தமிழ் முஸ்லிம்கள் உலகத்துக்குக் கொடுத்தது. தோளில் காவடிபோல் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புச் சட்டி தொங்க, துறைமுகக் கூலிகளுக்கு விற்றுக்கொண்டு போனது அதன் தொடக்கம். அந்தக் கம்புக்கு மலாயில் கண்டார் என்று பெயர். கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா உணவகம் 1907இலிருந்து நடக்கிறது. நான் சாப்பிட்டது பெயர்ப்பலகை மங்கிப்போன ஒரு சந்துக் கடையில். பரிமாறுபவரின் கையைத்தான் பார்க்க வேண்டும். தட்டில் சோற்றைக் கவிழ்த்து, கோழித் துண்டை வைத்து, வெண்டைக்காயை ஓரம் தள்ளி, அதன்பிறகு ஒரே கரண்டியால் சட்டி சட்டியாகப் போய் வருகிறார். மீன் குழம்பில் அரைக் கரண்டி, ஆட்டுக்கறிக் குழம்பில் கொஞ்சம், கோழிக் குருமாவில் கொஞ்சம், கடைசியில் கறுத்த சோயா வறுவலின் எண்ணெய் ஒரு சொட்டு. எல்லாம் சோற்றின் மேல் ஒன்றாக இறங்குகிறது. தனித்தனியாகச் சாப்பிட்டால் நம் ஊர்க் குழம்புகள், கலந்தபின் அந்த ருசி வேறு எங்கும் கிடையாது.

“ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா தம்பி?” என்று கேட்டார் பரிமாறியவர்.

“ஆமா பாய். சிவகங்கைப் பக்கம்.”

“எங்க தாத்தாவுக்குக் கடையநல்லூர். நான் ஊர ஒரே ஒரு தடவ பாத்திருக்கேன். இன்னுங்கொஞ்சம் குழம்பு ஊத்தவா?”

கேட்டு முடிப்பதற்குள் ஊற்றியும்விட்டார்.

பினாங்கு தெருவில் நடக்கும்போது செட்டிநாட்டுக்காரர்களின் உலகம் தொடங்குகிறது. நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இந்தப் பகுதியில்தான் இருந்தன. நீளமான ஒரே கூடம், அதில் ஆளுக்கொரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை, உட்கார ஒரு பாய். பகலில் அது அலுவலகம், இரவில் படுக்கை. மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்பும் வரை உதவியாளரான அடுத்தாளுக்கும் எடுபிடியான பெட்டியடிப் பையனுக்கும் அந்தக் கூடமே வீடு. இப்படிக் கடைக்கு வேலைக்குப் போன இளைஞர்களின் உலகத்தை எழுத்தில் கொண்டுவந்தவர் ப. சிங்காரம். அவரும் எங்கள் மாவட்டத்துச் சிங்கம்புணரிக்காரர். 1920இல் பிறந்து, 1938இல் சுமத்திராவின் மேடான் நகரத்துக்கு வேலைக்குப் போய், போருக்குப் பின் ஊர் திரும்பியவர். ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற அவருடைய இரண்டு நாவல்களிலும் பினாங்கு வருகிறது. அந்த நாவல்களைப் படித்துவிட்டுச் சூலியா தெருவில் நடப்பதும், படிக்காமல் நடப்பதும் ஒன்றல்ல. போகிறவர்கள் பையில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியும் முன்பே பினாங்கு தெருவில் உள்ள நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் கொண்டுவந்த ரதம் இது. உள்ளே தண்டாயுதபாணி. காளைகள் இழுக்கின்றன. போய்ச் சேர வேண்டிய இடம் தண்ணீர்மலை. அருவிச் சாலையில் 1850களில் நகரத்தார் கட்டிய கோயிலை இங்கு எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் ஊர்களில் தண்ணீர்மலை என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது இந்த முருகனை நினைத்துத்தான். சில கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ரதத்துக்கு ஒரு முழுப் பகல் தேவைப்படுகிறது. காரணம் தேங்காய்.

அதை அருகிலிருந்து பார்த்தேன். ஒரு சீனர் கடை வாசலில் சாலையோரமாகத் தேங்காய்கள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. குவியலின் உச்சியில் ஊதுவத்திகள் புகைந்தன. குடும்பத்தோடு நின்றார்கள். பாட்டி, மகன், மருமகள், பள்ளிச் சீருடை வயதுப் பேரன்கள். எல்லோருக்கும் மஞ்சள் சட்டை. ரதம் தெருமுனையில் திரும்பியதும் பாட்டிதான் முதல் தேங்காயை எடுத்தார். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு ஓங்கித் தார்ச்சாலையில் அடித்தார். அடுத்த நொடி அத்தனை பேரும் அடிக்கத் தொடங்கினார்கள். தேங்காய்த் தண்ணீர் முழங்கால் வரை தெறித்தது. ஓடுகள் சில்லுச் சில்லாகப் பறந்தன. ரதம் அந்தக் குவியல் தீரும் வரை காத்து நின்றது. குருக்கள் அவர்கள் நீட்டிய தாம்பாளத்தை வாங்கி அர்ச்சனை செய்து, விபூதி கொடுத்தார். பாட்டி நெற்றியில் பட்டையாகப் பூசிக்கொண்டார். ரதம் நகர்ந்ததும் இயந்திர வண்டி வந்து சில்லுகளை அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வாசலில் அடுத்த குவியல். வழி நெடுக இப்படித்தான். வியாபாரம் செழிக்க, பிள்ளை பிறக்க, நோய் தீர என்று சீனர்கள் முருகனிடம் வேண்டிக்கொண்டு ஆண்டுதோறும் உடைக்கிறார்கள். யாரும் அவர்களை மதம் மாறச் சொல்லவில்லை. அவர்களும் குவான் யின்னை விட்டுவிடவில்லை. காரைக்குடித் தட்டார்கள் செய்த ரதத்துக்கு இத்தனை வீடுகளின் வாசல் திறக்கும் என்று அன்றைக்கு எவர் நினைத்திருப்பார்?

2017இலிருந்து குவீன் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து ஒரு தங்க ரதமும் புறப்படுகிறது. அது போய்ச் சேருவது நகரத்தார் கோயிலுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயில். 2012இல் திருப்பணி முடிந்த கோயில், 513 படிகள். காவடிகளும் பால்குடங்களும் அங்கேதான் ஏறுகின்றன. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். சாப்பாடு, மோர், குளிர்பானம் எல்லாம் இலவசம். ஒலிபெருக்கிகள் கொஞ்சம் குறைந்தால் காவடிக்காரர்களின் வேல் முழக்கம் நன்றாகக் கேட்கும்.

இந்த ஊரில் பக்திக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு சாலைதான் இருக்கிறது. கோயில்களைத் தாண்டிச் சற்று நடந்தால் தாவரவியல் தோட்டம். பழைய கல்குவாரி இருந்த பள்ளத்தாக்கில் 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்ற தாவரவியலாளர் உண்டாக்கியது. உள்ளே நுழையும்போதே நாகலிங்க மரங்கள் வரவேற்கின்றன. அடிமரம் முழுக்கப் பூவும் காயும். அந்த வாசனை நம்மை நேராகச் சிவன் கோயில் நந்தவனத்துக்குக் கொண்டுபோய்விடும். தென் அமெரிக்காவில் பிறந்த மரம் நம் கோயில்களில் இடம் பிடித்தது போலவே இங்கும் பிடித்திருக்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருமந்தி ஒன்று குட்டியோடு கிளையில் உட்கார்ந்திருந்தது. குட்டி ஆரஞ்சு நிறம். வளர வளரத்தான் கறுக்குமாம். சாலையோரக் குரங்குகள் கையிலிருப்பதைப் பிடுங்கும், இந்த மந்தி தழையைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

தோட்டத்துக்கு மேலேயிருந்து இறங்கும் அருவிதான் ஒரு காலத்தில் ஊருக்கும் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் குடிநீர் கொடுத்தது. அங்கிருந்து ஜீப் பாதையில் நடந்தே மலை உச்சிக்குப் போகலாம். மூச்சு வாங்கும். முடியாதவர்களுக்கு ஆயர் ஈத்தாமில் மலைரயில் இருக்கிறது. 1923இல் ஓடத் தொடங்கியது. இப்போது ஓடுவது 2011இல் மாற்றியமைத்த புது வண்டி. சுமார் இரண்டு கிலோமீட்டர் செங்குத்துத் தண்டவாளத்தை ஐந்து பத்து நிமிடத்தில் ஏறிவிடுகிறது. ரயில் வரும் முன் வெள்ளைக்காரர்களை மேலே கொண்டுபோனது டோலி. தூக்கியவை மனிதத் தோள்கள். உச்சியில் பள்ளிவாசலும் முருகன் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மேல்நிலையத்தில் வெப்பம் சட்டென்று குறைகிறது. மலைத்தொடரின் உயர்ந்த புள்ளி 833 மீட்டர். இந்த மலையும் காடும் 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின. ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பழைய மழைக்காடு மிஞ்சியிருப்பது அபூர்வம். கட்டடங்கள் மலைச்சரிவை நோக்கி ஏறிக்கொண்டிருப்பதைக் கீழிருந்தே பார்க்கலாம். இந்த அங்கீகாரம் அதைத் தடுத்து நிறுத்தினால்தான் அதற்கு அர்த்தம்.

வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்து வடக்கே பாருங்கள். நீரிணைக்கு அப்பால் தனியாக ஒரு மலை நீலமாக நிற்கும். குனுங் ஜெராய், 1,217 மீட்டர். கடலில் வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரத்தை ஆய்வாளர்கள் அங்கேதான் வைக்கிறார்கள். ராஜேந்திர சோழனின் கடற்படை வந்தது 1025 வாக்கில். அங்கே தோண்டியெடுத்த கோயில் அடித்தளங்களையும் மெர்போக் அருங்காட்சியகத்தையும் பார்க்கத் தீவிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஒரே இடத்தில் நின்றுகொண்டு கீழே கம்பெனியின் கோட்டையையும் வடக்கே கடாரத்தையும் பார்க்க முடிகிற மலை வேறு எங்கே இருக்கிறது?

தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பாஹாங்கில் ஒரு தேசியப் பூங்கா உண்டு. 2003இல் அறிவிக்கப்பட்டது. காட்டுப்பாதையில் நடந்தால் கெராச்சுட் கடற்கரை வரும். பச்சை ஆமைகள் முட்டையிடும் கரை. அங்கே பருவத்துக்கேற்ப நிரம்பும் ஏரியில் மேலே நல்ல தண்ணீரும் கீழே கடல் தண்ணீரும் கலக்காமல் இரண்டு அடுக்காக நிற்கின்றன. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம், பாதை வழுக்கும்.

சீனர்களின் பினாங்குக்குத் தனிக் கட்டுரையே வேண்டும். 1906இல் மறுபடி கட்டிய கூ கொங்சி மண்டபத்தின் மரச் செதுக்கல்களை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். ஆர்மீனியன் தெருவில் 2012இல் வரைந்த சுவரோவியத்தின் முன்னால், சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ள எப்போதும் வரிசை நிற்கிறது. அந்த வரிசையைப் பார்க்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வர வேண்டும். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததும், தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் இந்தக் கடைவீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பெருமளவில் வெளியேற நேர்ந்தது. வீடுகள் காலியாயின. பாரம்பரியப் பட்டம் கிடைத்த பிறகு அவற்றில் பல, விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. சுவர்கள் பிழைத்துக்கொண்டன. அஞ்சடியில் ஊதுவத்தி கொளுத்தும் பெரியவரும், பூக்கட்டும் அக்காவும், தையல் இயந்திரத்தை மிதிக்கும் பாயும் அங்கேயே இருந்தால்தான் இது ஊர். தங்கும்போது, வாங்கும்போது, சாப்பிடும்போது அவர்கள் கடைகளைத் தேடிப் போவது நம்மால் முடிந்த உதவி.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம். பயணத்துக்கு முன் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிட வேண்டும். தைப்பூசத்துக்குப் போவதானால் அறையை மிக முன்னதாகவே பிடித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டு அரசுக்கும், பினாங்குத் தமிழ் அமைப்புகளுக்கும், செட்டிநாட்டு நகரத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். 1802இல் தூத்துக்குடியில் கப்பலேற்றிய 73 பேரின் பெயர்களை ஆவணங்களிலிருந்து திரட்டி, ஜார்ஜ் டவுனில் ஒரு கல்லில் தமிழிலும் மலாயிலும் பொறித்து வையுங்கள். துரைசாமியின் பெயரை முதலில் எழுதுங்கள்.